பின்வரிசைக்காரர் பேசி என்ன ஆகப்போகிறது என்கிறவருக்கு

திருமுல்லைவாயிலில் குடியிருப்போர் நலச் சங்கம் ஒன்றின் ஆண்டு மலரில், நாடாளுமன்ற உறுப்பினர்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருக்கிறது. எழுதியவர் பெயர் இங்கே தேவையில்லை. வாதம் அவர் ஒருவருடையதும் அல்ல. டீக்கடையிலும் ஆவடி லோக்கலிலும் நாம் தினமும் கேட்பதை அவர் வரிசைப்படுத்தி அச்சில் ஏற்றியிருக்கிறார், அவ்வளவுதான்.

அவர் சொல்வதன் சாரம் இது. பின்வரிசையில் உட்காரும் உறுப்பினர் அவையில் பேசுவதால் ஒரு பயனும் கிடையாது. இரண்டு மூன்று நிமிடம் கிடைக்கும், அதற்குள் மணி அடித்துவிடுவார்கள். காலி நாற்காலிகளைப் பார்த்துப் பேசிவிட்டு, அந்த வீடியோவைத் தொகுதி வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பிவிடுவார். ஓட்டெடுப்பு வந்தால் கொறடா சொன்னபடி கை தூக்குவார். நிலைக்குழு என்பது முந்திரிப் பருப்பும் டீயும் கொடுத்து ஊர் சுற்றிக் காட்டும் ஏற்பாடு. அதன் அறிக்கைகளைக் கரையான் தவிர வேறு யாரும் தொடுவதில்லை. ஆகவே இனி ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் அவையில் என்ன பேசினீர்கள் என்று கேட்காமல், எத்தனை தெருவுக்கு மழைநீர் வடிகால் போட்டுக் கொடுத்தீர்கள் என்று மட்டும் கேட்போம் என்று முடிக்கிறார்.

மழை விட்டும் தெருவில் தண்ணீர் வடியாத ஊரில் இப்படி எழுதினால் கைத்தட்டல் நிச்சயம். கோபம் நியாயமானதுதான். அதை அவர் கொண்டுபோய்க் கொட்டியிருக்கும் இடம் தப்பு. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும், ஆள்கிறவர்கள் உள்ளுக்குள் மகிழ்ந்துபோகிற தப்பு அது.

பேச்சால் பயனில்லை என்கிறார். சரி, பேச்சே நடக்காத ஒரு நாளில் என்ன நடந்தது என்று பார்ப்போம். அதற்கு வெகுதூரம் போக வேண்டாம்.

திருமுல்லைவாயில், அண்ணனூர், ஆவடி, பட்டாபிராம் என்று ரயில் பாதையை ஒட்டிய தெருக்களில் டேங்க் ஃபேக்டரிக்காரர் வீடு, கிளாத்திங் ஃபேக்டரிக்காரர் வீடு, என்ஜின் ஃபேக்டரிக்காரர் வீடு என்று அடையாளம் சொல்லித்தான் இன்றும் வழி காட்டுகிறார்கள். 1965-இல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது அந்த டேங்க் ஃபேக்டரியிலிருந்துதான். 2021 ஜூன் 16 அன்று, நாடு முழுவதும் இருந்த 41 படைக்கலத் தொழிற்சாலைகளையும் ஏழு கம்பெனிகளாகப் பிரிக்க மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. சங்கங்கள் காலவரையற்ற வேலைநிறுத்தம் என்றன. ஜூன் 30 அன்று, பாதுகாப்புத் தொழிற்சாலைகளில் வேலைநிறுத்தத்தைத் தடைசெய்யும் அவசரச் சட்டம் வந்தது. ஜூலையில் அது மசோதாவாக மக்களவைக்கு வந்து, ஆகஸ்ட் 3 அன்று கூச்சலுக்கு நடுவே சில நிமிடங்களில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. இரண்டு நாள் கழித்து மாநிலங்களவையிலும் அதே கதை. நிலைக்குழுவுக்கு அனுப்பவில்லை. வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டால் ஓராண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், தூண்டிவிட்டால் இரண்டாண்டு. நாடு முழுவதும் சுமார் எழுபதாயிரம் ஊழியர்களைத் தொட்ட சட்டம் அது. அக்டோபர் 1 முதல் டேங்க் ஃபேக்டரி ஒரு கம்பெனியின் கிளை. அந்தக் கம்பெனியின் தலைமையகமே ஆவடியில்தான்.

கம்பெனியாக்கியது நல்லதா கெட்டதா என்பது தனி விவாதம். இங்கே கேள்வி வேறு. ஒரு தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பக்கூடிய விதி ஒன்று, எந்தப் பிரிவும் வாய்விட்டு அலசப்படாமல், எந்தத் தொழிற்சங்கத் தலைவரும் எந்தக் குழுவின் முன்னாலும் சாட்சி சொல்ல அழைக்கப்படாமல், சட்டமானது. அன்றைக்கு அவையில் எதிர்க்கட்சிகள் இருந்தன. பெகாசஸ் உளவு விவகாரத்தில் அரசு விவாதத்துக்கு ஒப்பவில்லை. அவர்கள் முழக்கம் போட்டுக்கொண்டிருந்தார்கள். முழக்கத்துக்கும் அவர்களுக்குக் காரணம் இருந்தது. ஆனால் ஒரு பின்வரிசை உறுப்பினர் எழுந்து ஐந்தாவது பிரிவு என்ன, எட்டாவது பிரிவு என்ன என்று அமைச்சரை மடக்கியிருந்தால், அந்தப் பதில் நாடாளுமன்றப் பதிவேட்டில் ஏறியிருக்கும். நாளைக்கு ஒரு தொழிலாளி நீதிமன்றத்துக்குப் போனால் கையில் அதுவாவது இருந்திருக்கும். கட்டுரையாளர் விரும்பும் நாடாளுமன்றம் எப்படி இருக்கும் என்பதற்கு 2021 ஆகஸ்ட் 3 நல்ல மாதிரி. யாரும் வளவளவென்று பேசவில்லை. வேலை சீக்கிரம் முடிந்தது.

இப்போது பேச்சு நடந்த ஒரு நாளைப் பார்ப்போம். இதற்கும் ஆவடியிலிருந்தே தொடங்கலாம்.

1955 ஜனவரியில் இதே ஆவடியில்தான் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. மறு ஆண்டே ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிகள் நாட்டுடைமை ஆகி எல்.ஐ.சி. பிறந்தது. எளிய மக்கள் கட்டிய பிரிமியப் பணம் அரசு கைக்கு வந்தது. அது வந்த ஓராண்டுக்குள், ஹரிதாஸ் முந்த்ரா என்ற கல்கத்தா பங்குச் சந்தை ஆசாமியின் ஆறு கம்பெனிகளில் ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாய் போய் விழுந்தது. எல்.ஐ.சி.யின் முதலீட்டுக் குழுவைக் கேட்காமலே நடந்த வேலை. 1957 செப்டம்பரில் கேள்வி எழுந்தபோது நிதியமைச்சகம் மழுப்பியது. டிசம்பர் 16 அன்று ஆளுங்கட்சியின் பின்வரிசையிலிருந்து ரேபரேலி உறுப்பினர் ஃபெரோஸ் காந்தி எழுந்தார். அமைச்சருக்கும் செயலருக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்தே அவர் கையில் இருந்தது. தேதி, தொகை, கம்பெனி, பங்கு விலை என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். நீதிபதி சாக்ளா தலைமையில் பகிரங்க விசாரணை வந்தது. கூட்டம் தாங்காமல் வெளியே ஒலிபெருக்கி கட்டினார்கள். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். நம் ஊர்க்காரர்தான், அதற்காக வருத்தப்பட ஒன்றுமில்லை. முந்த்ரா சிறைக்குப் போனார்.

ஃபெரோஸ் காந்தி நேருவின் மருமகன், அதனால் தைரியம் வந்தது என்பீர்கள். நேருவுக்கு மருமகன் என்பது உண்மை. ஆனால் அமைச்சரைக் கவிழ்த்தது உறவுமுறை அல்ல, ஆவணம். ஆவணமில்லாமல் மருமகன் கத்தியிருந்தால் மாமனார் சிரித்துவிட்டுப் போயிருப்பார்.

இதே மனிதர் அதற்கு முந்தைய ஆண்டு இன்னொரு காரியமும் செய்தார். நாடாளுமன்றத்தில் பேசியதை அப்படியே வெளியிடும் பத்திரிகைமீது வழக்குப் போட முடியாதபடி பாதுகாப்புத் தரும் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். 1956-இல் அது சட்டமானது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல், அந்தச் சட்டத்தை நீக்கினார்கள். நீக்கியது அவர் மனைவியின் அரசாங்கம். 1977-இல் ஜனதா அரசு அதைத் திரும்பக் கொண்டுவந்தது. கட்டுரையாளர் இதற்கு ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். பின்வரிசைப் பேச்சு வெறும் காற்று என்றால், அது அச்சில் வராமல் தடுக்க, அத்தனை அதிகாரமும் கையில் வைத்திருந்த ஓர் அரசு ஏன் ஒரு சட்டத்தையே நீக்க மெனக்கெட்டது?

இதே ரகத்தில் இன்னொன்றும் உண்டு. 2005 டிசம்பரில், கேள்வி கேட்கப் பணம் வாங்கியதாகப் பிடிபட்டுப் பதினொரு உறுப்பினர்கள் ஒரே நாளில் பதவி இழந்தார்கள். மக்களவைக்காரர் பத்துப் பேர், மாநிலங்களவைக்காரர் ஒருவர். அந்தப் பணத்தைக் கொடுத்தது கேமராவோடு போன பத்திரிகையாளர்கள்தான், ஒப்புக்கொள்கிறேன். 1951-இல் முத்கல் என்ற உறுப்பினருக்குக் கொடுத்தது யார்? பம்பாய்த் தங்கம் வெள்ளி வியாபாரிகளின் சங்கம். செல்லாத சரக்குக்கு எந்தத் தங்க வியாபாரியாவது காசு கொடுப்பாரா? நாடாளுமன்றக் கேள்விக்குச் சந்தை விலை உண்டு என்பது வியாபாரிகளுக்கு அன்றே தெரிந்திருந்தது. ஓட்டுப் போடுகிற நமக்குத்தான் அது இலவசம் என்பதால் மதிப்பு தெரியவில்லை.

கேள்வி என்ன செய்யும் என்பதை நம் தெருவிலேயே விசாரிக்கலாம். திருமுல்லைவாயிலில் ரயில்வேயிலும் பாதுகாப்புத் துறையிலும் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர்கள் தெருவுக்கு இரண்டு பேராவது இருப்பார்கள். ஆபீசுக்குப் ‘பார்லிமெண்ட் கொஸ்டின்’ வந்தால் என்ன நடக்கும் என்று அவர்களைக் கேளுங்கள். மற்ற கோப்புகளெல்லாம் ஓரம் போகும். பதில் இத்தனை மணிக்குள் டெல்லிக்குப் போய்ச் சேர வேண்டும். ஆறு மாதமாக மேஜையில் தூங்கிய விவரம் அன்று சாயங்காலமே தட்டச்சாகும். பிரிவு அலுவலர் கையெழுத்துப் போடத் தயங்குவார். ஏனென்றால் தவறான தகவல் போனால் உரிமைமீறல் பிரச்சினை வரும். மக்களவையில் ஒரு நாளைக்கு இருபது நட்சத்திரக் கேள்வி, இருநூற்று முப்பது நட்சத்திரமில்லாக் கேள்வி. நட்சத்திரமில்லாததற்கு எழுத்தில் பதில், அவையில் யாரும் வாய் திறக்க வேண்டியதே இல்லை. கட்டுரையாளர் சொல்லும் காலி நாற்காலிகள் அந்தப் பதிலைத் தடுக்கவே முடியாது.

அமைச்சர் வாய்மொழியாகப் பதில் சொல்லும்போது துணைக் கேள்வி வரும். அப்போது அவர், பரிசீலிப்போம், ஆராய்ந்து சொல்கிறோம், தகவல் திரட்டி அவையின் முன் வைப்போம் என்பார். நமக்கு அது நழுவல். ஆனால் நாடாளுமன்றத்தில் இப்படிப்பட்ட வாசகங்களுக்கென்றே ஒரு பட்டியல் இருக்கிறது. அவற்றில் ஒன்றை உச்சரித்தால் அது அரசின் உறுதிமொழி என்று குறித்துக்கொள்வார்கள். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும்; முடியாவிட்டால் அவகாசம் கேட்டு எழுத வேண்டும். இதைத் துரத்துவதற்கென்றே அரசு உறுதிமொழிக் குழு 1953-லிருந்து இயங்குகிறது. பெயர் தெரியாத ஒரு உறுப்பினரின் அரை நிமிடத் துணைக் கேள்வி, ஒரு அமைச்சகத்தை வருடக்கணக்கில் கடிதம் எழுத வைக்கும். இதை வீடியோவாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியாது என்பதால் கட்டுரையாளர் கண்ணில் படவில்லை.

முந்திரிப் பருப்புக்கு வருவோம்.

நிலைக்குழுக்கள் 1993-இல் தொடங்கின. இப்போது 24 குழுக்கள். குழுவுக்கு மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். கூட்டம் மூடிய கதவுக்குள் நடக்கும். கேமரா கிடையாது. கொறடா உத்தரவும் உள்ளே வராது. துறைச் செயலர் எதிரே உட்கார்ந்து பதில் சொல்வார். சொல்வது முழுக்கப் பதிவாகும். தொலைக்காட்சியில் ஒருவரை ஒருவர் கிழித்துக்கொள்ளும் ஆட்கள் அங்கே ஒரே மேஜையில் மானியக் கோரிக்கையை வரிவரியாகப் படிக்கிறார்கள் என்றால் நம்ப முடியாது, ஆனால் பல குழுக்களில் அதுதான் நடக்கிறது. மேஜையில் முந்திரியும் இருக்கும், மறுக்கவில்லை. நலச் சங்கக் கூட்டத்திலும் மிக்சர் வைக்கிறோம்.

அந்த அறையில் நடந்த ஒரு வேலையைச் சொல்கிறேன். கட்டுரையாளர் தன் கட்டுரையின் நடுவே, நம் பகுதி வடிகால் பணிக்கு எவ்வளவு செலவானது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுப் பதில் வாங்கியதாகப் பெருமையோடு குறிப்பிடுகிறார். பெருமைப்பட வேண்டிய காரியம்தான். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி உள்ளாட்சி அலுவலகத்துக்கு அனுப்பினார், பதில் வந்தது. அந்த உரிமை எப்படி அவர் கைக்கு வந்தது என்று மட்டும் அவர் விசாரிக்கவில்லை.

2004 டிசம்பரில் மத்திய அரசு மக்களவையில் வைத்த தகவல் உரிமை மசோதா, மத்திய அரசு அலுவலகங்களுக்கு மட்டும்தான் பொருந்துவதாக இருந்தது. மாநில அரசு, மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி எதுவும் அதற்குள் வராது. அந்த வடிவிலேயே நிறைவேறியிருந்தால், நம்மவர் ரயில்வேயிடம் கேட்கலாம், தபால் ஆபீசில் கேட்கலாம். வடிகால் கணக்கைக் கேட்டிருக்க முடியாது. தமிழ்நாட்டில் 1997-லேயே ஒரு தகவல் உரிமைச் சட்டம் இருந்ததே என்று யாராவது சொல்லக்கூடும். இருந்தது, விதிவிலக்குகளே அதிகமாக இருந்த சட்டம் அது. மசோதா, பணியாளர் – சட்டம் – நீதித் துறைகளுக்கான நிலைக்குழுவுக்குப் போனது. தலைவர் சிவகங்கையைச் சேர்ந்த சுதர்சன நாச்சியப்பன். அந்தக் குழு 2005 மார்ச்சில் தந்த அறிக்கை, சட்டம் மாநிலங்களுக்கும் பொருந்த வேண்டும் என்றது. தகவல் ஆணையர்களுக்குத் தேர்தல் ஆணையர்களுக்குச் சமமான அந்தஸ்து வேண்டும் என்றது. மே மாதம் இரு அவைகளிலும் நிறைவேறி அக்டோபர் 12 அன்று நடைமுறைக்கு வந்த சட்டத்தில் இரண்டும் இருந்தன. ராஜஸ்தான் கிராமங்களிலிருந்து எழுந்த மக்கள் இயக்கம்தான் இதற்கெல்லாம் வேர். அந்தப் பெருமையைக் குழுவுக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை. ஆனால் தெருவில் எழுந்த கோரிக்கை சட்ட வாசகமாக மாறிய இடங்களில் ஒன்று அந்தக் குழு அறைதான். கரையான் மட்டுமே தொட்டதாகச் சொல்லப்படும் அறிக்கையின் பலனை வைத்துக்கொண்டுதான், குழு அறிக்கையைக் கரையான்தான் தொடும் என்று நம்மவர் எழுதியிருக்கிறார்.

குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது என்பது உண்மை. அண்மைய உதாரணமே இருக்கிறது. மத்திய அரசின் பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திடாததால் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய சமக்ர சிக்ஷா கல்வித் திட்டப் பணம் 2,152 கோடி ரூபாய் நிறுத்தப்பட்டது. கல்விக்கான நிலைக்குழு, திக்விஜய் சிங் தலைமையில், 2025 மார்ச்சில், ஒப்பந்தத்தைக் காரணம் காட்டிப் பணத்தை நிறுத்தியது நியாயமல்ல என்று எழுதியது. ஆளுங்கட்சி உறுப்பினர்களும் இருக்கிற குழு அது. பணம் உடனே வந்துவிடவில்லை. ஆகஸ்ட் இறுதியில் நம் திருவள்ளூர்த் தொகுதி உறுப்பினர் சசிகாந்த் செந்தில் இதே பணத்துக்காக உண்ணாவிரதம் இருந்து மருத்துவமனைக்குப் போனார். பார்த்தீர்களா, அறிக்கையால் ஆகாததற்குத்தான் அவரே பட்டினி கிடந்தார் என்று கட்டுரையாளர் இதைத் தன் பக்கத்துக்கு இழுக்கிறார்.

இழுக்கட்டும். உண்ணாவிரதத்தை ஒரே வார்த்தையில் அரசியல் நாடகம் என்று சொல்லிவிடலாம். எதிர்த்தரப்பு எப்போதும் சொல்வதும் அதுதான். எல்லாக் கட்சிக்காரரும் சேர்ந்த குழு எழுதி அவையில் வைத்த அறிக்கையை அப்படி ஒதுக்க முடியாது. அமைச்சகம் அதற்கு எழுத்தில் பதில் தர வேண்டும். வழக்கு நடக்கும் இடத்தில் அதை எடுத்துக் காட்டலாம். பட்டினியும் வேண்டியிருக்கலாம், அறிக்கையும் வேண்டும். ஒன்றைக் காட்டி இன்னொன்றை வேண்டாம் என்பது எந்த ஊர் வழக்கு?

உண்மையில் குழுக்கள் பயனற்றவை என்றால், அரசுகள் அவற்றைக் கண்டு ஏன் ஓடுகின்றன? பதினைந்தாவது மக்களவைக் காலத்தில் மசோதாக்களில் சுமார் 71 விழுக்காடு குழு ஆய்வுக்குப் போயின. பதினாறாவதில் அது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. பதினேழாவதில் 16 விழுக்காடு. 2020 செப்டம்பரில் வேளாண் சட்டங்கள் குழுவைப் பார்க்காமலே நிறைவேறின. ஓராண்டுக்கு மேல் விவசாயிகள் டெல்லி எல்லையில் உட்கார்ந்த பிறகு 2021 நவம்பரில் திரும்பப் பெறப்பட்டன. அந்தச் சட்டங்கள் நிறைவேறிய அதே கூட்டத்தொடரில் கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டார்கள். 2023 டிசம்பரில் 146 உறுப்பினர்களை இடைநீக்கம் செய்துவிட்டு, அதே வாரத்தில் மூன்று குற்றவியல் சட்டங்களையும் நிறைவேற்றினார்கள். பேச்சும் குழுவும் வெட்டி வேலை என்று நம் கட்டுரையாளர் கண்டுபிடிப்பதற்கு முன்பே அதை நம்ப விரும்பியவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது புரிகிறதா?

கொறடா பற்றிய வாதத்தில் மட்டும் அவரிடம் பாதி நியாயம் இருக்கிறது. 1985-இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தபின், ஃபெரோஸ் காந்தி போல் சொந்த அரசை எதிர்த்து நிற்பது கடினமாகிவிட்டது. ஆனால் அந்தச் சட்டம் ஓட்டைத்தான் கட்டுகிறது. கேள்வியைக் கட்டவில்லை, குழுவைக் கட்டவில்லை. தனிநபர் மசோதா இதுவரை பதினான்குதான் சட்டமாகியிருக்கிறது, கடைசியாக 1970-இல். அந்தக் கணக்கைக் காட்டி, வீண் முயற்சி என்று கட்டுரையாளர் சிரிக்கிறார். திருச்சி சிவாவின் திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியபோது, ஒரு தனிநபர் மசோதாவை அந்த அவை ஏற்றுக்கொண்டது நாற்பத்தைந்து ஆண்டுகளில் அதுவே முதல் முறை. மக்களவையில் அது நிறைவேறவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அரசே 2016-இல் ஒரு மசோதாவோடு வர வேண்டியிருந்தது. 2019-இல் சட்டமும் வந்தது. சிவாவின் மசோதா அளவுக்கு அது நல்ல சட்டமில்லை என்று திருநர் அமைப்புகள் சொல்கின்றன. அப்படி ஒப்பிட்டுச் சொல்ல ஓர் அளவுகோல் கிடைத்ததே அந்த ‘வீண்’ முயற்சியால்தான்.

சட்டமன்றத்தைப் பற்றி அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. அங்கேதான் அவர் கோபம் கொஞ்சம் செலவாகியிருக்க வேண்டும். மானியக் கோரிக்கையில் பேசக் கிடைக்கும் பத்து நிமிடத்தில் பாதியைத் தலைவர் புகழுக்கும் மீதியில் பாதியை அடுக்குமொழிக்கும் கொடுத்துவிட்டு, கடைசியில் ‘எனது தொகுதிக்கு ஒரு பாலம்’ என்று உட்காரும் உறுப்பினர்களை எல்லாக் கட்சியிலும் பார்க்கிறோம். கூட்டத்தொடரின் கடைசி நாளில் மசோதாக்கள் கொத்தாக நிறைவேறுவதும் இங்கே வாடிக்கை. நாடாளுமன்றத்தில் இருப்பதுபோல் துறைவாரி நிலைக்குழு தமிழ்நாட்டில் கிடையாது. பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு, உறுதிமொழிக் குழு, மனுக்கள் குழு என்று இருப்பவை செய்து முடித்த செலவையும் கொடுத்த வாக்கையும் பின்னால் போய்ப் பார்ப்பவை. இதை மாற்றக் கேட்பது நலச் சங்கத்துக்குத் தகுந்த கோரிக்கை.

இன்னொன்றையும் ஆவடிக்காரர்கள் கவனிக்க வேண்டும். 2016-இல் நாம் தேர்ந்தெடுத்த பாண்டியராஜன் அமைச்சரானார். 2021-இல் தேர்ந்தெடுத்த நாசரும் அமைச்சரானார். நம் தொகுதிக்கு அமைச்சர் என்று பட்டாசு வெடித்தோம். அமைச்சர் கேள்வி நேரத்தில் கேள்வி கேட்க முடியாது, பதில்தான் சொல்ல வேண்டும். பொதுக் கணக்குக் குழுவில் உட்கார முடியாது. ஆக, அவர்கள் அமைச்சராக இருந்த காலமெல்லாம், கோட்டையில் அரசை நோக்கி வினா எழுப்ப ஆவடிக்கென்று ஒரு பின்வரிசை உறுப்பினர் இல்லவே இல்லை. முன்வரிசையில் இடம் கிடைத்ததைக் கொண்டாடியவர்கள், இழந்ததைக் கணக்குப் பார்க்கவில்லை.

எண்ணிக்கை விஷயத்தில் கட்டுரையாளரோடு எனக்குச் சண்டை இல்லை. நானூறு கேள்வி கேட்டார், தொண்ணூறு விழுக்காடு வருகை என்று போஸ்டர் ஒட்டுவது அபத்தம்தான். ஒரே கேள்வியை ஐந்து அமைச்சகத்துக்கு மாற்றி மாற்றி அனுப்பி எண்ணிக்கையைக் கூட்டும் கலையும் உண்டு. அதற்கு மருந்து, என்ன கேட்டார் என்று படிப்பது. மக்களவைக் கேள்விகளும் பதில்களும் விவாதப் பதிவும் குழு அறிக்கைகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தொகுதி உறுப்பினரின் பெயரைப் போட்டுத் தேட ஒரு சாயங்காலம் போதும். கோயம்பேட்டிலிருந்து திருமுல்லைவாயில் வழியாகப் பட்டாபிராம் வரை திட்டமிட்டிருக்கும் மெட்ரோவுக்கு டெல்லி ஒப்புதல் தேவை. அதைப் பற்றி அவர் எந்தத் தேதியில் என்ன கேட்டார், என்ன பதில் வந்தது என்று அடுத்த மலரில் கட்டுரையாளர் எழுதட்டும். கேட்கவில்லை என்றால் அதையும் எழுதட்டும். முதல் பிரதியை நானே காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.

கடைசியாக வடிகால். தெருவுக்கு மழைநீர் வடிகால் போடுவதும், தூர் வாருவதும், விளக்கு எரிய வைப்பதும் உள்ளாட்சியின் வேலை. அதற்கு வரி கட்டுகிறோம், அதற்கென்று தனியாக ஓட்டுப் போடுகிறோம். மக்களவை உறுப்பினரின் தொகுதி நிதி ஆண்டுக்கு ஐந்து கோடி. அதைக் கும்மிடிப்பூண்டி முதல் பூந்தமல்லி வரை ஆறு சட்டமன்றத் தொகுதிகளுக்குப் பிரித்தால் திருமுல்லைவாயிலின் சில தெருக்களுக்குக்கூடக் காணாது. வடிகாலைச் சரியாகக் கட்டாதவர்களை விட்டுவிட்டு, வடிகால் கட்டும் பொறுப்பே இல்லாதவரைப் பிடித்து, அவர் செய்ய வேண்டிய ஒரே வேலையையும் செய்யாதே என்று சொல்வதில் லாபம் யாருக்கு? வேலை செய்யாத ஒப்பந்ததாரருக்கும், கேள்விக்குப் பதில் சொல்ல விரும்பாத அமைச்சருக்கும்.

தெருத்தெருவாக வந்து சாக்கடை பார்க்கும் ஒரு மக்கள் பிரதிநிதி வேண்டும் என்கிறார் கட்டுரையாளர். அந்தப் பதவிக்கு மாமன்ற உறுப்பினர் என்று பெயர். ஆவடி மாநகராட்சியில் ஏற்கெனவே 48 வார்டுகள் இருக்கின்றன.